உள்சுவரும் வெளிச்சுவரும்

சுமை அந்தரத்தில் தொங்கும்போது கிரேன் ஓட்டுபவர் கேபினை விட்டு இறங்கக் கூடாது. இடியே விழுந்தாலும் சரி, அடிவயிறு கலங்கினாலும் சரி. ஒன்று சுமையை மேல்தளத்தில் வைக்க வேண்டும், இல்லை தரையில் வைக்க வேண்டும். நடுவானத்தில் விட்டுவிட்டு எழுந்து போகிறவர் ஆபரேட்டரே இல்லை. இந்த ஒரு விதியால்தான், என் நெஞ்சு முதன்முதலாகக் கூத்தடிக்க ஆரம்பித்த அன்று, நான் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் மாட்டிக்கொண்டேன்.

கட்டட வேலையில் கோபுர கிரேன் ஓட்டுவது நான். கீழே நின்று கை காட்டுவது என் வீட்டுக்காரர். வேலையிடத்தில் எனக்கு மாடிக்காரி என்று பெயர், அவருக்குக் கைகாட்டி. உங்கள் வீட்டில் யார் சொல்லை யார் கேட்பது என்று யாராவது வம்புக்குக் கேட்டால், "வேலை நேரத்துல அவர் சொல்றத நான் கேக்குறேன், மிச்ச நேரத்துக்கு நீங்களே யோசிச்சுக்குங்க" என்பேன்.

வாக்கி டாக்கியில் பேசினாலும் அவர் கை சும்மா இருக்காது. ஆரஞ்சு நிறக் கையுறை போட்ட அந்த இரண்டு கைகளும் மேலிருந்து பார்த்தால் தனியாகத் தெரியும். ஆள்காட்டி விரலை வானத்தைப் பார்த்து நீட்டிச் சின்னதாக வட்டம் போட்டால் ஏற்று. தரையைப் பார்த்து நீட்டி வட்டம் போட்டால் இறக்கு. கையைப் பக்கவாட்டில் நீட்டி, உள்ளங்கை கீழே பார்க்க, இப்படியும் அப்படியும் வீசினால் நிறுத்து. பழக்கதோஷத்தில் வீட்டிலும் இதேதான். குழம்பில் உப்பு தூக்கல் என்று வாய் சொல்லும்போதே விரல் தரையைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருக்கும்.

நிறுத்து என்ற சைகைக்கு மட்டும் ஒரு தனிச் சலுகை உண்டு. அதை யார் காட்டினாலும் நிறுத்த வேண்டும். டீ கொண்டுவருகிறவர் காட்டினாலும் சரி, வேலி ஓரம் வேடிக்கை பார்க்கிறவர் காட்டினாலும் சரி, ஏன் எதற்கு என்று கேட்கக் கூடாது. ஆனால் நிறுத்திய சுமையை மறுபடி அசைக்கச் சொல்லக் கைகாட்டிக்கு மட்டும்தான் உரிமை.

அன்று கொக்கியில் கம்பிக் கட்டு தொங்கிக்கொண்டிருந்தது. பாதி தூரம் ஏறியிருக்கும். சாக்குக்குள் போட்டுக் கட்டிய கோழி படபடப்பது போல என் நெஞ்சுக்குள் ஒன்று அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. விரல் நுனியெல்லாம் சில்லிட்டது. கண்ணாடிக்கு வெளியே இருந்த உலகம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, மறுபடி நிமிர்ந்தது.

"என்ன ஆச்சு? ஏன் அப்படியே நிக்குது?" என்றது வாக்கி டாக்கி.

"ஒண்ணுமில்ல. காத்து."

"காத்தே இல்லியே."

"உங்களுக்கு இல்ல. எனக்கு இருக்கு."

பல்லைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு சாணாக அந்தக் கம்பிக் கட்டைத் தரையில் இறக்கினேன். கொக்கி கழன்றதும்தான், நான் இனி ஏணியில் இறங்க முடியாது என்பது எனக்கே புரிந்தது. கதவைத் திறந்தால் கால் துவண்டது. அப்படியே நாற்காலியில் சாய்ந்து, வாக்கி டாக்கியில் உண்மையைச் சொன்னேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரருக்கு உயரம் ஆகாது. மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் ஓரம்கூட நிற்க மாட்டார். இத்தனை காலம் கைகாட்டியாக இருந்தும் அந்த ஏணியில் அவர் கால் வைத்ததே கிடையாது. அன்று யாரிடமும் சொல்லாமல் ஏறியிருக்கிறார். பாதியில் கீழே பார்த்துவிட்டார். கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, மேலேயும் வராமல் கீழேயும் போகாமல், கண்ணை இறுக மூடி நின்றுவிட்டார். என்னைக் காப்பாற்ற வந்த ஆட்களுக்கு முதல் வேலை அவரைப் பிய்த்து எடுத்துக் கீழே கொண்டுபோவதாக இருந்தது. அதுவரை நான் மேலே கோழியோடு உட்கார்ந்திருந்தேன். வேலையிடத்தில் இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி இன்னமும் சிரிக்கிறார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

கோழி முதலில் வந்து வந்து போனது. பிறகு குடியே வந்துவிட்டது. மாத்திரைகள் மாறின, அது மாறவில்லை. கடைசியில் இதயத்தின் மின்சாரத்தை மட்டும் பார்க்கிற டாக்டரிடம் அனுப்பினார்கள். சின்னப் பெண்தான். மூச்சு விடாமல் பேசுவாள், எதிரே இருப்பவருக்குப் புரியும்வரை விடமாட்டாள். நோயின் பெயர் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனாம். எனக்கு வாயில் நுழையவில்லை. நடுக்கம் என்றே வைத்துக்கொண்டேன்.

"இதயத்துக்கு மேல ரெண்டு அறை இருக்கும்மா. ஒரு மூலையில பொறி கிளம்பும். அது சுவர் முழுக்கப் பரவும். பரவுற இடமெல்லாம் தசை சுருங்கும். ஒரு தடவை சுருங்கின தசைக்குக் கொஞ்ச நேரம் ஓய்வு வேணும், உடனே மறுபடி பத்திக்காது. அதனால அந்த அலை போற வரைக்கும் போயிட்டு, பத்திக்க இடமில்லாம செத்துப் போயிடும். அடுத்த துடிப்புக்குப் புதுப் பொறி. இதுதான் ஒழுங்கு."

"எனக்கு?"

"உங்களுக்கு அலை சாகறதில்ல. உடைஞ்சு துண்டு துண்டா ஓடுது. ஒரு துண்டு சுத்தி வர்றதுக்குள்ள, முதல்ல சுருங்கின இடம் ஓய்வு முடிஞ்சு தயாரா இருக்கு. மறுபடி அங்கேயே பத்திக்குது. வெளிய போக வழியில்ல, அடங்கவும் முடியல. இப்படியே சுத்திச் சுத்தி" என்று சொல்லிக்கொண்டே டாக்டர் தன் ஆள்காட்டி விரலைத் தூக்கி, காற்றில் சின்னதாக வட்டம் போட்டாள்.

நானும் என் வீட்டுக்காரரும் சட்டென்று தலையைத் தூக்கி மேலே பார்த்தோம். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. டாக்டரும் மேலே பார்த்தாள். என்ன அங்கே என்று கேட்டாள். எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்த நோய் வந்த பிறகு நாங்கள் சேர்ந்து சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

பிறகு அவள் தன் இரண்டு உள்ளங்கைகளையும் கும்பிடுவதுபோல ஒட்டவைத்துக் காட்டினாள். மேலறையின் சுவர் மெல்லியது. ஆனால் அந்த மெல்லிய சுவருக்கும் உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று என இரண்டு அடுக்கு உண்டு. நல்ல இதயத்தில் இரண்டும் ஒட்டி, ஒரே நேரத்தில் ஒரே அலையை வாங்கும். நடுக்கம் நாள்பட நாள்பட இரண்டுக்கும் நடுவே இருக்கிற இழைகள் நைந்துபோகின்றன. அதன் பிறகு உள்சுவர் ஒரு வழி, வெளிச்சுவர் ஒரு வழி.

"உள்ள ஒரு இடத்துல அலை அடங்கிப் போச்சுன்னு நாம நினைப்போம். ஆனா வெளிச்சுவர்ல அது ஓடிக்கிட்டுதான் இருக்கும். கொஞ்ச தூரம் தள்ளி, இழை மிச்சமிருக்கிற ஒரு இடத்துல நுழைஞ்சு, உள்பக்கம் முளைக்கும். கம்ப்யூட்டர்ல பார்த்தா ஒண்ணுமே இல்லாத இடத்துலேருந்து திடீர்னு கிளம்பின மாதிரி இருக்கும்" என்றாள்.

எனக்கு இது உடனே புரிந்தது. எங்கள் வீட்டில் அப்போது அதுதான் நடந்துகொண்டிருந்தது. நீ இனி மேலே ஏறாதே என்று என் வீட்டுக்காரர் ஒரு நாளும் சொல்லவில்லை. சரியானதும் ஏறுவேன் என்று நான் சொல்லும்போதெல்லாம் நல்ல பிள்ளையாகத் தலையாட்டுவார். பேச்சு அங்கேயே அடங்கிவிடும். அடுத்த அரைமணியில், மகள் செருப்பை வாசலில் நேராக விடவில்லை என்று அவள்மேல் எரிந்து விழுவார். நான் பாத்திரத்தின் மூடியை டமாலென்று போடுவேன். அவள் பாவம், பள்ளிக்கூடப் பையை மடியில் வைத்துக்கொண்டு, செருப்புக்கும் மூடிக்கும் என்ன சம்பந்தம் என்று தெரியாமல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்ப்பாள்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். துடிப்பு ஒழுங்காகி, கொஞ்ச மாதம் அப்படியே நிலைத்தால், கிரேன் ஓட்டலாம் என்று டாக்டர் கையெழுத்துப் போடுவாள். நிலைக்காவிட்டால் கம்பெனி எனக்கு ஸ்டோர் ரூமில் நாற்காலி போட்டு வைத்திருக்கிறது. ஜன்னல் இல்லாத அறை. காலையில் ஹெல்மெட்டை எடுத்துக் கொடுக்க வேண்டும், மாலையில் திருப்பி வாங்கி எண்ணி வைக்க வேண்டும். மரியாதையான வேலைதான், ஒரு குறையும் சொல்ல முடியாது. நினைத்தாலே எனக்கு மூச்சு முட்டியது. ஆள் திரும்ப இடமில்லாத கேபினுக்குள் உட்கார்ந்திருக்கும்போது எனக்கு ஒரு நாளும் மூச்சு முட்டியதில்லை. அங்கே யாரும் வந்து அது எங்கே, இது எங்கே என்று என் உயிரை வாங்க முடியாது. ஊரே கீழே இருக்கும். கீழே இரண்டு ஆரஞ்சுக் கைகள் இருக்கும். போதும்.

உள்ளே கம்பியை விட்டுச் சுட்டுச் சரிசெய்யலாம் என்றாள் டாக்டர். தொடை இடுக்கில் இருக்கிற ரத்தக்குழாய் வழியாக மெல்லிய கம்பியை இதயம்வரை அனுப்பி, அலை எந்தச் சுவரில் எப்படி ஓடுகிறது என்று முதலில் வரைபடம் எடுப்பார்கள். அப்புறம் அது சுற்றுகிற பாதையில் அங்கங்கே சூடு வைப்பார்கள். சூடு பட்ட இடம் தழும்பாகும். தழும்பைத் தாண்டி மின்சாரம் போகாது. நான் கையெழுத்துப் போட்டேன்.

அந்த மேசையைப் பற்றிச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். உடம்பை ஓர் அங்குலம் அசைக்கக் கூடாது. முதுகில் ஒட்டியிருக்கிற பட்டைகளை வைத்துத்தான் கம்பி எங்கே இருக்கிறது என்று கம்ப்யூட்டர் கணக்குப் போடுகிறதாம். நான் அசைந்தால் அத்தனை நேரம் வரைந்த படமும் அசைந்துவிடுமாம். மறந்துபோய் அசைத்துவிடக் கூடாது என்று இரண்டு கைகளையும் பக்கத்தில் கட்டிவைத்தார்கள். மயக்கமும் இல்லாமல் விழிப்பும் இல்லாமல் ஒரு மருந்து. மூக்கு நமைச்சல் எடுத்தது. அதைச் சொல்லக்கூடக் கூடாது. பெரிய கிரேனையே அசைத்தவளுக்கு மூக்கைச் சொறிய வழியில்லை.

ஓரக்கண்ணால் திரையின் ஒரு மூலை தெரிந்தது. குகை மாதிரி ஒன்று வளர்ந்துகொண்டே போனது. அதன் சுவரில் சிவப்பும் ஊதாவும் ஓடின. அது என் இதயத்தின் உள்பக்கம் என்று நினைத்தபோது எனக்குப் பயமாக இல்லை, கோபம்தான் வந்தது. என் வீட்டுக்குள்ளேயே என்னைக் கேட்காமல் இப்படி ஓடுகிறாயே என்று மனசுக்குள் அதைத் திட்டினேன். ஓடுகிற சிவப்பு ஓர் இடத்தில் மங்கி அணையும். அப்பாடா என்று நான் நினைத்து முடிப்பதற்குள், சம்பந்தமே இல்லாத வேறொரு மூலையில் ஒரு புள்ளி பொத்துக்கொண்டு வரும்.

"உள்ள அடங்கிடுச்சு. பாரு, இது வெளியிலேருந்து வருது" என்றாள் டாக்டர் பக்கத்தில் இருந்தவரிடம். சூடு வைத்தார்கள், நெஞ்சுக்குள் காந்தியது. மறுபடி ஒரு புள்ளி. பிறகு ஷாக் கொடுக்கப் போகிறோம் என்று யாரோ சொன்னார்கள், இன்னும் கொஞ்சம் மருந்து ஏறியது. அதற்கப்புறம் எனக்கு எதுவும் தெரியாது.

கண் விழித்தபோது வார்டில் மதிய வெயில் இருந்தது. மல்லாந்து படுத்திருந்தேன். வலது காலை மடக்கக் கூடாது, தலையைத் தூக்கக் கூடாது, புரளக் கூடாது. ரத்தம் கசியாமல் இருக்கத் தொடை இடுக்கில் ஒரு மணல் மூட்டை. தலைமாட்டில் ஒரு சின்னத் திரை என் துடிப்பை எண்ணிக்கொண்டிருந்தது. அந்தக் கோடு இன்னும் கோணல்மாணலாகவே ஓடியது. கோழி போகவில்லை.

பக்கத்து நாற்காலியில் என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் சொருகி வைத்திருந்தார். எனக்கு அப்போதே சந்தேகம் தட்டியது. அந்தக் கைகள் அப்படிச் சும்மா கிடந்து நான் பார்த்ததே இல்லை.

"என்ன சொன்னாங்க?"

"முழிச்சிட்டியா? தண்ணி வேணுமா?"

"தண்ணி கெடக்கட்டும். என்ன சொன்னாங்க?"

மென்று விழுங்கினார். "உள்பக்கம் வேலை முடிஞ்சுதாம். ஷாக் குடுத்தாங்களாம், ஒழுங்கா வந்துதாம், கொஞ்ச நேரத்துல மறுபடி பழையபடி ஆயிடுச்சாம். வெளிச்சுவர்ல ஓடிக்கிட்டு இருக்காம். டாக்டர் வெளிய வந்து எங்கிட்ட கேட்டாங்க. முழு மயக்கம் குடுத்து, நெஞ்செலும்புக்குக் கீழ ஊசி குத்தி, வெளிப்பக்கமா போயி அதையும் சுட்டுடலாமாம். ஆனா அது வேற மாதிரி வேலையாம். ரத்தம் கசியலாமாம். கசிஞ்சா நெஞ்சைத் திறக்க வேண்டி வரலாமாம். சம்மதமான்னு கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லல."

"ஒண்ணும் சொல்லாம?"

அவருடைய வலது கை தொடைக்கு அடியிலிருந்து மெதுவாக வெளியே வந்தது. பக்கவாட்டில் நீண்டது. உள்ளங்கை தரையைப் பார்க்க, இப்படியும் அப்படியும் ஒரு தடவை வீசியது.

எனக்கு உச்சி முதல் உள்ளங்கால்வரை பற்றிக்கொண்டு வந்தது. "அவங்களுக்கு அது புரிஞ்சுதா?"

"எங்க புரியும்? திருதிருன்னு முழிச்சாங்க. அப்புறம் வாயாலயும் சொன்னேன்."

"எந்திரிச்சேன்னா தெரியும் சேதி" என்றேன். என்னால் எழுந்திருக்க முடியாது என்பது இருவருக்கும் தெரியும். தலைமாட்டுத் திரை கீச்கீச்சென்று கத்தியது. நர்ஸம்மா ஓடிவந்தாள்.

"கோபப்படாதீங்கம்மா. நம்பர் ஏறுது பாருங்க."

"ஏத்துறது நான் இல்ல சிஸ்டர். இதோ உக்காந்திருக்காரு பாருங்க."

"சார், நீங்க வேணா கொஞ்சம் வெளிய இருக்கீங்களா?"

"அவரு இங்கேயே இருக்கட்டும். எங்கேயும் போகக் கூடாது" என்றேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை. நர்ஸம்மா மணல் மூட்டையைச் சரிசெய்துவிட்டு, இரண்டு பேரையும் ஒரு முறை முறைத்துவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு சண்டையை ரகசியக் குரலில் போட வேண்டியிருந்தது. கத்தினால் திரை காட்டிக்கொடுக்கிறது. திரும்பிப் படுத்து முகத்தைக் காட்டாமல் இருக்கலாம் என்றால் புரளக் கூடாது. எழுந்து போகலாம் என்றால் காலை மடக்கக் கூடாது. இத்தனை வருஷக் குடித்தனத்தில் ஒரு சண்டையைக் கூரையைப் பார்த்துக்கொண்டே போட்டது அன்றுதான். அவரும் வெளியே போக முடியாது. போகக் கூடாது என்று சொல்லிவிட்டேனே.

சாயங்காலம் டாக்டர் வந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, நேராக என்னைப் பார்த்துப் பேசினாள். "காலையில நீங்க மயக்கத்துல இருந்தீங்க, அதான் சார்கிட்ட கேட்டேன். இனிமே நீங்கதான் சொல்லணும். ரெண்டு வழி இருக்கு. மாத்திரையில துடிப்பு வேகத்தைக் குறைச்சு, ரத்தம் உறையாம பார்த்துக்கிட்டு இப்படியே இருக்கலாம். நடக்கலாம், சமைக்கலாம், எல்லாம் செய்யலாம். கிரேன் மட்டும் கிடையாது. இல்லேன்னா இந்த வாரத்துலயே வெளிச்சுவர் பக்கம் போய்ப் பார்க்கலாம். சரியாகிடும்னு சத்தியம் பண்ண மாட்டேன். வாய்ப்பு நல்லாவே இருக்கு. ஆபத்தும் இருக்கு, மறைக்கல. நாளைக்குக் காலையில சொல்லுங்க."

அவள் போய்விட்டாள். ஜன்னலில் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. டாக்டர் கேட்டது என்னைத்தான், கையெழுத்தும் என்னுடையதுதான். இவர் சம்மதம் யாருக்கு வேண்டும் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். ஆனால் கைகாட்டி கீழே நிற்காமல் நான் ஒரு சுமையைக்கூடத் தூக்கியதில்லை. அவர் தொடைக்கு அடியில் கையைச் சொருகிக்கொண்டு கிடக்க, நான் மட்டும் தைரியமாக அந்த மேசையில் போய்ப் படுப்பேன் என்று எனக்குத் தோன்றவில்லை. எனக்கும் பயமாகத்தான் இருந்தது. நெஞ்சைத் திறப்பார்கள் என்றால் யாருக்குத்தான் பயமிருக்காது?

"நீங்க நிறுத்தினது தப்பில்ல" என்றேன் கூரையைப் பார்த்துக்கொண்டே.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தது நாற்காலிச் சத்தத்தில் தெரிந்தது.

"நிறுத்துன்னு யார் வேணா காட்டலாம். காட்டினா நிறுத்தணும். அதுல நான் சண்டை போட மாட்டேன். ஆனா நிறுத்திட்டு நீங்க என்ன பண்ணீங்க? சுமையைத் தொங்கவிட்டுட்டு வந்து உக்காந்துட்டீங்க. இது எந்த ஊரு வழக்கம்?"

"சுமையா? எது சுமை?"

"நான்தான். பாருங்க, மேலயும் இல்ல, தரையிலயும் இல்ல. பாதியில தொங்குறேன். இப்படி விட்டுட்டு ஒரு கைகாட்டி போகலாமா? ஏத்துங்க, இல்ல இறக்குங்க. ரெண்டுல ஒண்ணு காட்டுங்க. நீங்க என்ன காட்டுறீங்களோ அத நான் காலையில டாக்டர்கிட்ட சொல்றேன்."

அவர் தொழில் தெரிந்த மனிதர். இதற்கு அவரால் மறுபேச்சு பேச முடியாது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். அவரை மடக்கிவிட்டோம் என்று கொஞ்சம் கர்வம்கூட வந்தது.

நாற்காலியை இழுத்துக் கட்டில் பக்கமாகப் போட்டுக்கொண்டார். என் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி கையை நீட்டினார். கையுறை இல்லாமல் அந்தக் கை சின்னதாக இருந்தது. ஆள்காட்டி விரல் தரையைப் பார்த்து நீண்டது. மெதுவாக, மிகவும் மெதுவாக, வட்டம் போட்டது.

இறக்கு.

காட்டச் சொன்னது நான், கேட்பேன் என்றதும் நான். கர்வமெல்லாம் போன இடம் தெரியவில்லை. ஸ்டோர் ரூம் நாற்காலி கண்முன்னால் வந்து நின்றது. ஜன்னல் இல்லாத அந்த அறையில், அடுக்கி வைத்த மஞ்சள் ஹெல்மெட்டுகளுக்கு நடுவில், நான் கிழவியாகிற வரை உட்கார்ந்திருந்தேன். எழுந்து ஓட வழியில்லை, புரள வழியில்லை, வாயை விட்டு அழுதால் திரை கத்தும். என்னால் செய்ய முடிந்தது ஒன்றே ஒன்றுதான். கண்களை இறுக மூடிக்கொண்டேன்.

கைகாட்டி கண்ணுக்குத் தெரியாவிட்டால் ஆபரேட்டர் எதையும் அசைக்கக் கூடாது. இருக்கிற சுமை இருக்கிற இடத்திலேயே இருக்க வேண்டும். அதுவும் விதிதான்.

அவருக்குப் புரிந்துவிட்டது. "கண்ணத் தொற" என்றார்.

நான் திறக்கவில்லை.

"இது ஏமாத்து வேலை. கண்ணத் தொற."

"எனக்கு ஒண்ணும் தெரியல. மூட்டமா இருக்கு."

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம்தான் கேட்டது. அந்த மனிதர் அழுது நான் கேட்டதில்லை.

"அன்னைக்கு ஏணியில பாதியில நின்னேன்ல? எல்லாரும் சிரிக்கிறாங்க, நீயும் சிரிக்கிற. நான் கீழ பார்த்துப் பயந்துட்டேன்னு நினைக்கிறீங்க. கீழ பார்த்ததுக்கு அப்புறம் மேலயும் பார்த்தேன். கேபின் தெரிஞ்சுது, நீ தெரியல. வாக்கி டாக்கியில கூப்பிட்டேன், நீ பேசல. நான் போய்ச் சேர்றதுக்குள்ள நீ போயிட்டேன்னு நினைச்சேன். அதுக்கப்புறம் எனக்குக் கை காலே வரல. தினமும் நீ மேல ஏறும்போது நான் கீழ நின்னு பார்க்கணும். என்னால முடியாது. இத எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் அந்தப் புள்ளைய செருப்புக்குத் திட்டினேன்."

அன்று நான் ஏன் பதில் பேசவில்லை என்று அவர் இத்தனை மாதமாகக் கேட்கவே இல்லை. வாக்கி டாக்கி என் மடியிலிருந்து நழுவிக் காலடியில் விழுந்திருந்தது. குனிந்து எடுக்கத் தெம்பில்லை. அவ்வளவுதான் விஷயம். அதை அப்போது சொன்னேன்.

"நான் ஒண்ணு கேக்கட்டுமா?" என்றேன், கண்ணைத் திறக்காமலே. "ஸ்டோர் ரூமுக்குள்ள உக்காந்து ஹெல்மெட் எண்ணிக்கிட்டு இருப்பேன். நீங்க வாசல்ல நின்னு எட்டிப் பார்ப்பீங்க. பத்திரமா இருக்கேன்னு தெரியும். அப்ப அங்க உக்காந்திருக்கிறது நான்தான்னு உங்களுக்குத் தோணுமா?"

யாரோ தள்ளிக்கொண்டு போன வண்டியின் சக்கரம் நடையில் கிறீச்சிட்டுத் தேய்ந்தது. தலைமாட்டுத் திரை தன்பாட்டுக்கு என் கோணல் துடிப்பை எண்ணிக்கொண்டிருந்தது. உள்ளே, சூடு வைத்தும் அடங்காத அந்த அலை வெளிச்சுவரில் சுற்றிக்கொண்டிருப்பதை நான் தொட்டுப் பார்க்காமலே உணர்ந்தேன். பாவம், அதற்கும்தான் வெளியே போக வழியில்லை.

அவர் என் கையை எடுத்தார். உள்ளங்கையை விரித்தார். காய்ப்புக் காய்ச்சிய விரல் நுனியை நடுவில் வைத்து, சின்னதாக ஒரு வட்டம் போட்டார். மறுபடி ஒரு வட்டம்.

ஏற்று என்றாலும் வட்டம்தான், இறக்கு என்றாலும் வட்டம்தான். விரல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கண்ணைத் திறந்தால்தான் தெரியும். திறந்து பார்த்துவிட்டால் அதன்படி நடந்தாக வேண்டும். அந்த மேசையில் படுத்திருந்தபோதுகூட நான் அவ்வளவு பயப்படவில்லை. நான் கண்ணைத் திறந்தேன்.

அவர் என் கையை விட்டுவிட்டு எழுந்து நின்றிருந்தார். கால்கள் இரண்டையும் அகட்டி, வேலையிடத்தில் நிற்பது போலவே நின்றிருந்தார். கை மடங்கி உயர்ந்திருந்தது. ஆள்காட்டி விரல் கூரையைப் பார்த்து நீண்டு, வட்டம் போட்டது. கன்னமெல்லாம் ஈரம்.

கை காட்டும்போது அவர் ஒரு நாளும் என் பக்கம் பார்த்ததில்லை. கைகாட்டி சுமையைத்தான் பார்க்க வேண்டும், கொக்கியை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. அதற்காக நான் எத்தனையோ தடவை அவரைக் கேலி செய்திருக்கிறேன். இப்போது அவர் கண் கொட்டாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வாக்கி டாக்கியில் சொல்கிற மாதிரியே, உதட்டுக்குப் பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு, "சரி, ஏத்துறேன்" என்றேன்.

"மெல்ல" என்றார் அவர். "மெல்ல, மெல்ல." விரல் மட்டும் நிற்கவே இல்லை.